காமா கதிர் ஆய்விலிருந்து தும்பா வரை: இயற்பியலாளர் விக்ரம் சாராபாயின் பயணம்

திருவனந்தபுரம்: இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் விக்ரம் சாராபாய், அடிப்படையில் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். கதிர்களைப் பற்றிய ஆய்வில் தொடங்கிய அவரது பயணமே, கேரளத் தலைநகரை அடுத்த தும்பாவில் ராக்கெட் தளமாக உருப்பெற்றது.

1919 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் பயின்றார். இரண்டாம் உலகப் போரால் தாயகம் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி.ராமனின் வழிகாட்டுதலில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947-இல் முனைவர் பட்டம் பெற்றார். 62 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர்கள் யுரேனியம்-238 அணுக்கருவைப் பிளக்கும் வாய்ப்பை அங்கு அவர் துல்லியமாக அளந்தார்.

காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லை. காந்தப்புலத்தால் அதைத் திருப்ப முடியாது. ஆற்றல் குறைந்த கதிர், அணுவிலுள்ள எலக்ட்ரானை வெளியேற்றிவிட்டுத் தான் மறைந்துவிடும். நடுத்தர ஆற்றலுள்ளது எலக்ட்ரானுடன் மோதிச் சிதறும். 10.2 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்டது, அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறக்கூடும். அணு எண்ணும் அடர்த்தியும் மிகுந்த ஈயம் சிறந்த கவசமாவது இதனால்தான். கோபால்ட்-60 வெளியிடும் கதிரைப் பாதியாகக் குறைக்கச் சுமார் 1.2 சென்டிமீட்டர் ஈயம் போதும்; கான்கிரீட் என்றால் சுமார் 6 சென்டிமீட்டர் வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் கதிரைப் பாதியாக்குமே தவிர, முற்றிலும் இல்லாமல் ஆக்காது.

புவியின் வளிமண்டலமும் இத்தகைய கவசமே. நம் தலைக்கு மேலுள்ள காற்று, 10 மீட்டர் ஆழ நீருக்கோ சுமார் 90 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஈயத்துக்கோ நிகரானது. உயிர்களைக் காக்கும் இக்கவசம், விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களையும் காமா கதிர்களையும் தரையிலிருந்து அளக்க விடாமல் தடுக்கிறது. அவற்றை அளக்கக் கருவிகளை மேலே அனுப்பியாக வேண்டும்.

1947 நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவிய சாராபாய், அடுத்து ராக்கெட்டுகளின் பக்கம் திரும்பினார். காந்த நடுக்கோடு அருகே செல்வதால் தும்பா தேர்வு செய்யப்பட்டது. புனித மரிய மகதலேனா தேவாலயத்தையும் தங்கள் வீடுகளையும் மீனவ மக்கள் அறிவியலுக்காக விட்டுக்கொடுத்தனர். தேவாலயம் ஆய்வு அலுவலகமானது. 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட் அங்கிருந்து பாய்ந்தது. அதே பத்தாண்டில் எக்ஸ் கதிர் கருவிகளும் தும்பாவிலிருந்து விண்ணைத் தொட்டன.

ஹோமி பாபாவின் மறைவுக்குப் பின் 1966-இல் அணுசக்தி ஆணையத் தலைவரான சாராபாய், 1971 டிசம்பர் 30-ஆம் தேதி திருவனந்தபுரம் அருகே கோவளத்தில் தமது 52-ஆவது வயதில் காலமானார். தும்பாவிலுள்ள விண்வெளி மையம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் வித்திட்ட முதல் இந்தியச் செயற்கைக்கோளான ஆரியபட்டா, 1975 ஏப்ரல் 19-ஆம் தேதி ஏவப்பட்டது. மின்வழங்கல் கோளாறால் அதன் ஆய்வுகள் சில நாள்களிலேயே நின்றுபோயின. எனினும், சூரியனின் காமா கதிர்களை அளக்கும் கருவி ஒன்றும் அதில் இடம்பெற்றிருந்தது.