பல்லாவரத்துக் கல்

தோழர்களே! வரலாறு என்றதும் முடியையும் வாளையும் காட்டியே நம்மைப் பழக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டு மண் காட்டிய பழந்தடயமோ உழைப்பாளியின் கருவி!

அதைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834இல் இங்கிலாந்திலே பிறந்தவர். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிலே சேர்ந்தவர். பாறைகளை ஆராய்வதே அவருக்கிட்ட பணி. வெள்ளை ஆட்சியின் ஊழியர்தான். அதற்காக அவர் அலைந்த அலைச்சலை மறைப்பது நேர்மையாகாது.

1863 மே 30. பல்லாவரத்திலே, படை அணிவகுப்புத் திடலிலே, சரளை எடுக்க வெட்டிய குழி. வெட்டி வெளியே கொட்டியதிலே கிடந்தது ஒரு கல். விளிம்பெல்லாம் செதுக்கல்! மழையா செதுக்கும்? மனிதன் கை! இந்தியாவிலே அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே. போடி மலைச் சரிவிலே ஏலத்தோட்டத்தில் அரிவாள் பிடிக்கும் தோழர் அதைக் கையிலெடுத்தால், பிடி எது, வெட்டுமுனை எது என்று ஏடு புரட்டாமலே சொல்லிவிடுவார். ஃபூட்டின் பெயர் நிலைத்தது. குழி வெட்டியவர் பெயர் நிலைக்கவில்லை!

அவ்வாண்டே வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கம் சென்றார். அங்கே கருவிகள் ஏராளம். 1891இல் ஓய்வு பெற்றும் ஓயவில்லை. சேர்த்தவற்றை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912இல் மறைந்தார்.

கருவிகளின் வயதைத் துல்லியமாகக் கணிக்க அவர் காலத்திலே வழியில்லை. யுகக் கதை பேசியோருக்கு அது வசதி. 2011இல் சாந்தி பப்பு குழுவினர் கணித்து வெளியிட்டனர்: அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு!