கூரைக்குள் மழை வைத்தவர்

பாலிடெக்னிக் படிச்சு என்னத்த கிழிக்கப் போறேன்னு சொந்தக்காரங்க கேக்கறப்பல்லாம் எனக்கு ஃப்ரெடரிக் கிரின்னெல் ஞாபகம்தான் வரும். 1836-ல் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் பிறந்தவர். 1855-ல் ரென்சலேர் பாலிடெக்னிக்கில் பட்டம் பெற்று (அது டிப்ளமோ இல்லைதான், பெயரில் பாலிடெக்னிக் இருக்கே, நமக்கு அது போதும்!) ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் ஆனார்.

1869-ல் பிராவிடன்ஸ் நகரில் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்றின் பெரும்பங்கை வாங்கினார். அந்த வட்டாரமெங்கும் பஞ்சாலைகள். பஞ்சுத் தூசி, எண்ணெய் ஊறிய மரத்தளம். ஒரு பொறி போதும். அப்போதைய பாதுகாப்பு, கூரையடியில் ஓட்டை போட்ட குழாய்கள். தீப்பிடித்தால் ஒருவர் ஓடிப்போய் வால்வைத் திறக்கணும். திறந்தால் கூடம் முழுக்கக் கொட்டும். தீ எரிச்சது பாதி, தண்ணி கெடுத்தது மீதி.

1874-ல் பியானோ தயாரிப்பாளர் ஹென்றி பார்மலி, தானாகத் திறக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு பேடன்ட் வாங்கினார். சூட்டில் சால்டர் உருகும், தண்ணீர் பாயும். கிரின்னெல் கம்பெனி அதைத் தயாரித்தது. ஆனால் திறக்கத் தாமதம். ஏன்? தண்ணி நிக்கிற பைப்புல சால்டர் வெச்சுப் பாருங்க, லேசில உருகாது. சூட்டையெல்லாம் தண்ணியே குடிச்சிடும்! கிரின்னெல் பிடித்தது இந்த இடத்தைத்தான். 1881-ல் பேடன்ட் பெற்ற அவரது ஸ்பிரிங்க்ளரில் சால்டர் இணைப்பைத் தண்ணீர் தொடாது. அழுத்தமும் அதன்மேல் விழாது. அதனால் சட்டென்று திறந்தது. 1890-ல் கண்ணாடித் தட்டு வால்வு, 1892-ல் பெரிய கம்பெனி, 1905-ல் மறைவு.

அக்கா கல்யாணப் புடவைக்காகக் காந்தி ரோட்டுக் கடை ஒன்றுக்குப் போயிருந்தோம். மூன்று மாடி, முழுக்க அட்டைப்பெட்டி. பட்டு, பருத்தி மாதிரி குபீர்னு பத்திக்காது; பெட்டியும் பிளாஸ்டிக் கவரும் பத்திக்கும். ஸ்பிரிங்க்ளர் உண்டா என்று முதலாளி அண்ணாச்சியைக் கேட்டேன். ஒரு மூலையில் புகைந்தால் கடை முழுக்க மழை கொட்டி ஜரிகை நாசமாயிடும் என்றார். சினிமா செய்த வேலை! சாதாரண ஸ்பிரிங்க்ளரில் சூடேறிய ஹெட் மட்டும்தான் திறக்கும். இப்போது வருகிற ஹெட்களில் சால்டருக்குப் பதில் பெரும்பாலும் கண்ணாடி பல்பு. சிவப்புன்னா 68 டிகிரி செல்சியஸில் உடையும். புகைக்கு அசையாது. எல்லா ஹெட்டும் ஒரே நேரத்தில் கொட்டுகிற டெல்யூஜ் சிஸ்டம் வேறு. அது டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி இடங்களுக்கு. டீசல் கிடங்குக்கு நுரை, கம்ப்யூட்டர் அறைக்கு கேஸ்.

எல்லாத்தையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி கேட்டது, ஃபால்ஸ் சீலிங்கில் அது அசிங்கமாகத் தெரியுமா என்று! தட்டு போட்டு மறைத்த வகையும் இருக்கு, சூட்டில் முதலில் தட்டு விழும் என்றேன். அந்தத் தட்டுமேல பெயின்ட் மட்டும் அடிச்சிடாதீங்க, ஒட்டிக்கும் என்றும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.