முகாமில் பாடம் கற்ற மருத்துவர்

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்தும் நாக்பூரிலிருந்தும் புனேயிலிருந்தும் நம்மில் பலர் தமிழ்நாட்டுக்குச் செல்கிறோம். பாட்டி வீட்டில் மாமன் மக்களும் சிற்றப்பா பிள்ளைகளும் ஒன்று கூடுவர். இரவில் கூடத்தில் வரிசையாகப் பாய் விரிக்கும்போது, சன்னலோரம் படுப்பவர் யார் என்பதில் ஒரு வழக்கு எழாமல் போகாது. 1904ஆம் ஆண்டுக் கோடையில் போலந்து நாட்டுக் கிராமம் ஒன்றிலும் இத்தகைய வழக்கு எழுந்தது. அங்குத் தலைக்கொரு கட்டில் இருந்தது. ஆயினும் எல்லோருக்கும் நல்ல இடமே வேண்டியிருந்தது. வழக்கைத் தீர்க்க வேண்டியவர் ஓர் இளம் மருத்துவ மாணவர். அவருக்கோ அதைத் தீர்க்கும் வகை தெரியவில்லை. அவர்தாம் யானுஷ் கோர்ச்சாக்.

ஹென்றிக் கோல்ட்ஷ்மித் என்பது அவருடைய இயற்பெயர். வார்சா நகரில் வசதியுள்ள யூதக் குடும்பம் ஒன்றில் ஜூலை 22ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஆண்டு 1878 என்பாரும் உளர். 1879 என்பாரும் உளர். தந்தையார் உரிய காலத்தில் பிறப்பைப் பதிவு செய்யாமையால் விளைந்த ஐயம் அது. தந்தை ஒரு வழக்கறிஞர். வீட்டின் முற்றத்தில் விளையாடிய ஏழைப் பிள்ளைகளோடு சேர்வதற்குச் சிறுவன் ஹென்றிக்குக்கு இசைவு கிடைக்கவில்லை. பின்னாளில் அவர் தம் வாழ்நாள் முழுவதையும் அத்தகைய பிள்ளைகள் நடுவிலேயே கழித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தந்தையார் மனநோயுற்று 1896இல் மறைந்தார். குடும்பம் வறுமையுற்றது. பள்ளியில் படிக்கும்போதே பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பொருள் ஈட்டினார் ஹென்றிக். இலக்கியப் போட்டி ஒன்றுக்காக அவர் சூட்டிக்கொண்ட புனைபெயரே யானுஷ் கோர்ச்சாக். அப்பெயரே உலகில் நிலைத்தது.

அக்காலத்து வார்சாவில் ஏழைகளின் வீடுகள் பெரும்பாலும் நிலவறைகளிலும் கூரையடி அறைகளிலும் இருந்தன. வெயில் நுழையாத அவ்வறைகளில் காசநோய் எளிதில் நுழைந்தது. மரம், புல், ஓடை ஆகியவற்றைக் கண்ணால் கண்டறியாத பிள்ளைகள் பலர் இருந்தனர். இத்தகைய பிள்ளைகளைக் கோடையில் சில வாரங்கள் நாட்டுப்புறத்தில் தங்கவைக்கும் வழக்கம் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. சூரிச் நகரைச் சேர்ந்த பியோன் என்னும் சமயகுரு 1876இல் 68 பிள்ளைகளை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றார். அவ்வெண்ணம் ஐரோப்பாவெங்கும் பரவியது. வார்சாவிலும் 1882இல் ஸ்தனிஸ்வாவ் மார்கியேவிச் என்னும் மருத்துவரின் முயற்சியால் கோடை முகாம் சங்கம் ஒன்று எழுந்தது. முகாமுக்குச் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் பிள்ளைகளை எடை பார்ப்பது அக்காலத்து முகாம்களின் வழக்கம். எடை கூடியிருந்தால் முகாம் நன்கு நடந்தது என்பது பொருள். கோர்ச்சாக் இச்சங்கத்தில் தொண்டராகச் சேர்ந்தார். 1904ஆம் ஆண்டு யூதச் சிறுவர்களுக்கான மிகவூவ்கா முகாமுக்குப் பொறுப்பாளர்களுள் ஒருவராகச் சென்றார்.

செல்லும்போது அவர் உள்ளம் கற்பனையால் நிறைந்திருந்தது. நான்கு வாரமும் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியன்றி வேறொன்றும் இருத்தலாகாது. ஒரு துளிக் கண்ணீரும் சிந்தலாகாது என்று எண்ணினார். இசைப்பெட்டி, படங்காட்டும் விளக்கு, வாணவேடிக்கைப் பொருள்கள், காய் நகர்த்தும் விளையாட்டுகள் என்று பலவற்றைத் திரட்டிக்கொண்டார். அன்பு காட்டினால் போதும், பிள்ளைகள் தாமே இணங்குவர் என்று நம்பினார். முன்பு முகாம் நடத்தியவர்களிடம் சென்று ஒரு சொல் கேட்டுக்கொள்ளவும் அவருக்குத் தோன்றவில்லை.

நடந்தது வேறு. உண்ணுமிடத்தில் இருக்கைக்காகச் சண்டை, கட்டிலுக்காகச் சண்டை. பெயர் தெரியாததால் யாரை எப்படி அழைப்பது என்று விளங்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் தர விரும்பியவரால் ஒருவருக்கும் ஒன்றையும் ஒழுங்காகத் தர முடியவில்லை. முதல் நாள் இப்படிக் கழிந்தது. இரவு வந்ததும் படுக்கையறையில் ஒருவன் சீழ்க்கையடித்தான். மற்றொருவன் சேவல்போல் கூவினான். வேறொருவன் நாய்போல் குரைத்தான். நயமாகச் சொல்லிப் பார்த்தார்; பயனில்லை. பொறுமை இழந்தார். ஒருவனைப் பிடித்துக் காதைத் திருகினார்; வெளியே நாய் திரியும் திண்ணையில் தள்ளிவிடுவதாக அச்சுறுத்தினார். கண்ணீரே இல்லாத முகாமை நடத்த வந்தவர் தாமே ஒரு சிறுவனைக் கலங்கச் செய்துவிட்டார்.

சிறுவர்கள் இதனை எளிதில் விடுவதாக இல்லை. மறுநாள் இரவு மீண்டும் ஆரவாரம் செய்யத் திட்டமிட்டுத் தடிகளையும் சேர்த்து வைத்தனர். செய்தி எவ்வாறோ முன்னதாகவே அவருக்கு எட்டியது. தடிகள் கைப்பற்றப்பட்டன, கலகம் நிகழவில்லை. ஆனால் வென்றது யார்? பிள்ளைகள் தம்மைப் பகைவராகக் கருதும் நிலைக்குத் தாமே இடம் தந்துவிட்டதை உணர்ந்து கோர்ச்சாக் நாணினார்.

அதன்பின் அவர் செய்ததை மிகச் சிறியது என்றும் சொல்லலாம். மிகப் பெரியது என்றும் சொல்லலாம். பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்று அமரவைத்துப் பேசினார். அதுவரை அவர்களுக்குச் சொன்னார். இப்போது அவர்களோடு பேசினார். அவர்கள் எப்படி இருக்கவேண்டும் எனத் தாம் விரும்புவதைக் கூறாமல், எப்படி இருக்க அவர்களுக்கு விருப்பம், எப்படி இருக்க அவர்களால் இயலும் என்பதைக் கேட்டறிந்தார். தம் வாழ்வில் முதன்முறையாக அவ்வாறு பேசியது அன்றுதான் என்று பின்னர் எழுதினார். குழந்தை வளர்ப்பின் அரிச்சுவடியைத் தாம் கற்றது கோடை முகாமில்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. புகழ் பெற்ற பின்னர் எழுதிய நூலில், தம் இளமைத் தவறுகளை ஒன்றுவிடாமல் அடுக்கி வைத்தவர் அவர். பெரியவர்களுள் இவ்வாறு செய்பவர் அரியர்.

மருத்துவப் படிப்பை 1905இல் முடித்து, ரஷ்யா ஜப்பான் போரில் படை மருத்துவராகப் பணியாற்றித் திரும்பிய பின்னர், 1907இல் மீண்டும் மிகவூவ்கா சென்றார். இம்முறை வெறும் கற்பனையை நம்பிச் செல்லவில்லை. பிள்ளைகளின் பெயர்களை அறிந்துகொண்டார். இருக்கைகளையும் கட்டில்களையும் ஒழுங்குபட அமைத்தார். வேலைகளைப் பிள்ளைகளே முறைவைத்துச் செய்யலாயினர். ஒருவனுக்கு மற்றொருவன் மேல் குறையிருந்தால், அதைக் கேட்டுத் தீர்ப்பளிக்கப் பிள்ளைகளிலிருந்தே நடுவர்கள் அமைந்தனர். பெரியவர் தலையிட்டால் அடங்கி, அவர் திரும்பியதும் தொடரும் சண்டைகள், ஒத்த வயதினர் முன் சொல்லப்படும்போது வேறு உருக்கொள்வதைக் கோர்ச்சாக் கண்டார்.

அச்சிறுவர்கள் வீட்டில் பேசியது இட்டிஷ் மொழி. தெருவில் கேட்டது போலிஷ் மொழி. வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக மொழி வழங்கும் வாழ்வு நமக்கும் புதிதன்று. கோர்ச்சாக் போலிஷ் மொழியில் வளர்ந்தவர். இட்டிஷ் அவருக்குச் சரளமாக வராது. ஆயினும் அம்மொழியைப் பலர் இகழ்ந்த காலத்தில், நோயுற்ற குழந்தையிடம் தாய் பேசும் கனிந்த சொற்கள் அதிலும் உண்டு என்பதை எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு, 1908இல், வில்ஹெல்மூவ்கா என்னுமிடத்தில் கிறித்தவச் சிறுவர்களின் முகாமுக்குச் சென்றார். இரு முகாம்களையும் பற்றி இரு நூல்கள் எழுதினார். இரண்டிலும் காடு ஒன்றே, ஏக்கம் ஒன்றே, வீட்டு நினைவால் முதலில் வாடுவதும், புறப்படும் நாளில் பிரிய மனமின்றி நிற்பதும் ஒன்றே. இனம் பிரித்து நடத்தப்பட்ட முகாம்கள் அவை. அப்பிரிவினைக்குள்ளேயே இவ்வொற்றுமையைக் காட்டியது அந்நூல்களின் சிறப்பு.

நான்கு வாரம் முடிந்ததும் பிள்ளைகள் மீண்டும் அதே நிலவறைக்குத்தானே திரும்புகின்றனர்? கூடிய எடை குளிர்காலத்தில் குறைந்துவிடாதா? இக்கேள்வி கோர்ச்சாக்கை விடவில்லை. குழந்தைகள் மருத்துவமனையில் ஏழு ஆண்டு பணியாற்றி நற்பெயர் பெற்றிருந்தவர், 1912இல் அதனை விடுத்து, வார்சாவின் குரோக்மல்னா தெருவில் புதிதாகக் கட்டப்பட்ட அநாதை இல்லத்தின் தலைவரானார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருடைய உற்ற துணையாக நின்று இல்லத்தை நடத்தினார். முகாமில் நான்கு வாரம் நடந்தது இங்கு ஆண்டு முழுவதும் நடந்தது எனலாம்.

இல்லத்தில் குழந்தைகள் நீதிமன்றம் முறையாக இயங்கியது. அதற்கென எழுதப்பட்ட சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பை அல்லது வழக்குத் தள்ளுபடியைப் பற்றியவை. அறியாமல் செய்தான், மீண்டும் செய்யமாட்டான், இப்போது வருந்துகிறான் என்று மன்னிப்பதற்கு எத்தனை வழிகள்! நூறாம் பிரிவில்தான் மன்னிப்பு இல்லாத தீர்ப்பு தலைகாட்டும். ஆயிரமாம் பிரிவு இல்லத்தை விட்டு நீக்குவது. பெரியவர்கள் மீதும் வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக் மீதும் வழக்குகள் வந்தன. தாமே தம்மீது தொடுத்த வழக்குகளும் உண்டு. 1904இல் காது திருகப்பட்ட சிறுவனுக்கு முறையிட இடமில்லாதிருந்தது. இங்கு அவ்விடம் இருந்தது.

ஆயினும் கோடையை அவர் மறக்கவில்லை. 1921இல், மகளை இழந்த பெற்றோர் இருவர் அவள் நினைவாக வார்சாவை அடுத்த கோட்ஸ்வாவெக்கில் இடம் வழங்கினர். ரூஷிச்கா, அதாவது சிறு ரோசா, என்று பெயரிடப்பட்ட அவ்விடத்தில் இல்லத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கோடையைக் கழித்தனர்.

இதற்கிடையே அவர் பல துறைகளில் புகழ் பெற்றார். சிறுவன் ஒருவன் அரசனாகும் கதையை வெளியிட்டார். 1926இல் பிள்ளைகளே எழுதும் செய்தி இதழைத் தொடங்கினார். வானொலியில் முதிய மருத்துவர் என்னும் பெயரில் அவர் நிகழ்த்திய உரைகளுக்கு நாடெங்கும் செவிகள் இருந்தன.

1939இல் ஜெர்மனி போலந்தைக் கைப்பற்றியது. யூதர்கள்மீது கொடிய ஆணைகள் தொடர்ந்தன. அந்நிலையிலும் 1940ஆம் ஆண்டுக் கோடையில் பிள்ளைகளை ரூஷிச்காவுக்கு அழைத்துச் சென்றார் கோர்ச்சாக். அதுவே அவர்களுடைய கடைசி முகாம். அவ்வாண்டு நவம்பரில் வார்சா யூதர்கள் அனைவரும் சுவர் எழுப்பி அடைக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் தள்ளப்பட்டனர். இல்லமும் இடம் மாறியது. வழியில் உருளைக்கிழங்கு வண்டி பறிக்கப்பட்டது; அதைத் திருப்பிக் கேட்கச் சென்ற கோர்ச்சாக் சிறையில் அடைக்கப்பட்டு, சில வாரங்களுக்குப் பின் வெளிவந்தார். அதன்பின் நாள்தோறும் சுமார் 200 பிள்ளைகளுக்கு உணவு தேடி அலைவதே அவர் வேலையாயிற்று.

அச்சுவருக்குள் பசுமை என்பது அரிதாயிற்று. தேவாலயம் ஒன்றில் ஒரு தோட்டம் இருந்தது. 1942இல் பிள்ளைகள் அத்தேவாலயத்துக் குருவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். சனிக்கிழமை விடியற்காலையில் சிலமுறை தோட்டத்துக்கு வர விடுமாறு வேண்டினர். காற்றும் பசுமையும் காணாமல் ஏங்குவதாகத் தெரிவித்தனர். செடிகளுக்குத் தீங்கு செய்யமாட்டோம் என்றும் உறுதி கூறினர். மிகவூவ்காவின் காடு முழுவதையும் சுற்றித் திரிய அக்காலத்துப் பிள்ளைகளுக்கு இசைவு இருந்தது. இவர்களுக்கு வேண்டியதோ சில மணிநேரத் தோட்டம்.

அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள் இல்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது இந்தியாவிலிருந்து சென்ற நாடகம்: இரவீந்திரநாத் தாகூரின் அஞ்சல் நிலையம். நோயுற்று அறைக்குள் அடைபட்டுச் சன்னல் வழியே உலகைக் காணும் அமல் என்னும் சிறுவனின் கதை அது. அதனைத் தேர்ந்தெடுத்தவர் கோர்ச்சாக். வெளியுலகுக்கு ஏங்கும் அமலைப் புரிந்துகொள்ள, அங்கிருந்த பிள்ளைகளுக்கு உரை தேவைப்பட்டிராது.

மூன்று வாரம் கழியுமுன், ஆகஸ்டு முதல் வாரத்தில், இல்லத்தைக் காலி செய்யும் ஆணையுடன் படைவீரர்கள் வந்தனர். கோர்ச்சாக்கைத் தப்புவிக்க நண்பர்கள் முன்னரே பலமுறை வழி செய்திருந்தனர். பிள்ளைகளை விட்டுச் செல்ல அவர் இசையவில்லை. ஸ்டெஃபானியாவும் இசையவில்லை. பிள்ளைகள் வரிசையாகத் தெருவில் நடந்தனர். கோர்ச்சாக் அவர்களோடு நடந்தார். அவர்களை ஏற்றிய வண்டி திரெப்லிங்கா என்னும் கொலைக்களத்துக்குச் சென்றது. ஒருவரும் மீளவில்லை.

குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. அவை 1989இல் ஏற்றது. அதனை முதலில் முன்மொழிந்த நாடு போலந்து. கோர்ச்சாக்கின் எண்ணங்கள் அதற்கு ஊற்றாயின. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

திரெப்லிங்காவில் இப்போது ஆயிரக்கணக்கான நினைவுக்கற்கள் நிற்கின்றன. பல கற்களில் ஊர்ப்பெயர்கள் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. தனி மனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கிய கல் ஒன்றே ஒன்றுதான். அது கோர்ச்சாக்கினுடையது. அக்கல்லிலும் அவர் தனியே இல்லை. பிள்ளைகளும் உடன் குறிக்கப்பட்டுள்ளனர்.