அலமாரியில் இல்லாத கதைகள்

போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்த பூரா பெல்ப்ரே, ஆசிரியராகும் விருப்பத்தோடு கற்றவர். 1920ஆம் ஆண்டு சகோதரியின் திருமணத்திற்காக நியூயார்க் சென்றவர், அடுத்த ஆண்டே ஹார்லெம் பகுதிப் பொதுநூலகத்தில் பணியேற்றார். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் அந்நகரில் பெருகிவந்த காலம் அது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஆங்கிலம் எனத் தடுமாறிய சிறுவர்களின் பெற்றோர், நூலகம் ஆங்கிலம் அறிந்தோர்க்கே உரியது என்று எண்ணி ஒதுங்கி நின்றனர்.

அச்சேறிய கதைகளை மட்டுமே சிறுவர்க்குச் சொல்லவேண்டும் என்பது அந்நூலக வழக்கம். பாட்டியின் வாய்மொழியாகப் பூரா கேட்டு வளர்ந்த தீவுக் கதைகளோ எந்த அலமாரியிலும் இல்லை. எனவே, தனி இசைவு பெற்று அவற்றைச் சொல்லத் தொடங்கினார். மார்ட்டினா என்னும் கரப்பான்பூச்சிக்கும் பெரேஸ் என்னும் எலிக்கும் மணம் நிகழும் கதை 1932இல் நூலாக வெளிவந்தது. கரப்பான்பூச்சியையும் மணமகளாக்கிப் பார்த்த நாட்டுப்புற உள்ளம் வியப்புக்குரியதே! தாம் அறிந்த கதை ஆங்கிலத்திலும் ஒலிக்கக் கேட்ட சிறுவர்க்கு அப்புதிய மொழியின் மீதிருந்த அச்சம் தணிந்திருக்கும்.

இருமொழிகளிலும் கதை சொல்லியும் பாவைகளை ஆட்டியும் பள்ளிகள், தேவாலயங்கள், சமூகக் கூடங்கள் எனச் சுற்றி வந்தார். திருமணத்திற்குப் பின் பணியை விட்டவர், கணவர் மறைந்தபின் 1960களில் மீண்டும் நூலகத்திற்குத் திரும்பினார். 1982இல் மறைந்தார். 1996 முதல் லத்தீன் அமெரிக்க மரபினரான சிறுவர் நூலாசிரியர்க்கும் ஓவியர்க்கும் அவர் பெயரால் விருது வழங்கப்படுகிறது.