கழற்றிப் பார்த்த கைகள்: கோவை ஜி. டி. நாயுடு

சென்ற விஞ்ஞானக் கண்காட்சிக்கென்று நாங்கள் ஒரு மோட்டார் கார் செய்தோம். சாலையில் ஓடும் கார் அன்று. பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, நடுவில் ஒரு சிறு மின் மோட்டாரையும் பேட்டரிப் பெட்டியையும் வைத்து, முழ நீளத்தில் ஒரு விளையாட்டுக் கார். துண்டுகள் அடங்கிய பெட்டி எங்கள் தோழி ஒருத்திக்கு வெளிநாட்டிலிருக்கும் அவளுடைய சித்தப்பா அனுப்பியது. அவள் நாள்தோறும் விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்குபவள். துண்டுகள் சிதறாதிருக்க அவற்றைக் காலித் தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்து வருவாள். ஒரு நாள் பாத்திரம் மாறிப்போய், தயிர்சாதத்துக்குள்ளிருந்து ஒரு பல்சக்கரம் வெளிப்பட்டது வேறு கதை.

கார் அழகாக அமைந்தது. ஆனால் ஓடவில்லை. வேகமாகப் போக வேண்டுமென்ற ஆசையில் மோட்டாரின் தண்டில் 24 பற்களுள்ள பெரிய சக்கரத்தையும், பின் சக்கரங்களின் இருசில் 8 பற்களுள்ள சிறிய சக்கரத்தையும் மாட்டியிருந்தோம். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் கார்ச் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும் என்று கணக்கெல்லாம் சரியாகவே போட்டோம். வேகம் மூன்று மடங்கானால் இழுக்கும் விசை மூன்றில் ஒன்றாகிவிடும் என்பதை மட்டும் மறந்துபோனோம். பலகையைச் சாய்த்து வைத்து மேலே ஏற்றியபோது கார் சற்றே முனகிவிட்டு நின்றுவிட்டது. கண்காட்சிக்கு இன்னும் நான்கே நாள்!

எங்கள் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கோவையில் ஒருவர் வாழ்ந்தார், அவரைப் பற்றிப் படித்துவிட்டு வந்து காரைத் தொடுங்கள் என்று சொல்லி எங்களை நூல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். அப்படித்தான் திரு. ஜி. டி. நாயுடு அவர்கள் எங்களுக்கு அறிமுகமானார்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள், கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டமில்லை. தொடக்க வகுப்புகளோடு அது நின்றுபோயிற்று. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிவந்தார் என்றும் சொல்வார்கள். இதை நம் ஆண்டு மலரில் எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. எழுதலாம், ஆனால் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று முடிவாயிற்று. பள்ளியை விட்டாரே தவிர அவர் படிப்பை விடவில்லை. கையில் கிடைத்த நூல்களையெல்லாம் தாமாகவே படித்துத் தெரிந்துகொண்டார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் என்னும் வண்டியை இளம் வயதில் அவர் கண்டார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடுகிறது! அதுபோல் ஒன்று தமக்கும் வேண்டுமென்ற ஆசை அவரை விடவில்லை. கோவைக்குச் சென்று ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த சம்பளத்தைச் செலவிடாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியே விட்டார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றிவரவில்லை என்பதுதான் விசேஷம். வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். எந்த உறுப்பு எதைத் திருப்புகிறது, எது எதற்குப் பின்னால் வருகிறது என்று பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி பூட்டினார்.

கழற்றுவது யாருக்கும் வரும். எங்கள் வீடுகளிலுள்ள சின்னத் தம்பிமார்கள் இதில் மகா நிபுணர்கள். கழற்றியதைத் திரும்பப் பூட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் காரைப் பிரித்து மறுமுறை பூட்டியபோது இரண்டு துண்டுகள் மீதமாகிவிட்டன. அவை எங்கே இருந்தவை என்று ஒருத்திக்கும் நினைவில்லை. பிளாஸ்டிக் காருக்கே இப்படியென்றால், வழிகாட்ட ஒரு படமும் இல்லாமல் இரும்பு இயந்திரத்தைப் பிரித்தவர் ஒவ்வொரு திருகையும் எவ்வளவு கவனத்தோடு வரிசையாக வைத்திருப்பார்!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். எங்களில் பலருடைய வீட்டில் ரேடியோவோ இஸ்திரிப் பெட்டியோ பழுதானால் அண்ணன் திருப்புளியை எடுக்கலாம். நாங்கள் எடுத்தால் மட்டும் கையில் ஷாக் அடிக்கும் என்று தடுத்துவிடுவார்கள். மின்சாரத்துக்கு ஆண் பெண் பேதம் தெரியுமா என்ன? மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு திறப்பதானால் எங்களையும் திறக்க விடலாமே. இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பொறுத்தருள்க.

மெக்கானிக்காக உயர்ந்த நாயுடு நடுவில் பருத்தித் தொழிலில் இறங்கிக் கைப்பொருளை இழந்தார். 1920ஆம் ஆண்டில் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் பின்னாளில் யு. எம். எஸ். என்று கொங்கு நாடெங்கும் பேர்பெற்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் நாட்டிலேயே மிகச் சிறப்பாக நடைபெறும் பஸ் நிறுவனங்களில் ஒன்றாக அது மதிக்கப்பட்டது.

பஸ்ஸோடு அவர் நின்றிருந்தால் பணக்காரர் என்ற பெயரோடு போயிருப்பார். 1937இல் பீளமேட்டிலிருந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில், திரு. டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டாரை அவர் உருவாக்கினார். அதுவரை மோட்டார் வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டும். பாலசுந்தரம் நாயுடு பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். கோவை நகரமே மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊராயிற்று. விழுப்புரம் பக்கம் நெல்லும் கரும்பும் மணிலாவும் பயிரிடும் எங்கள் உறவினர் பலருடைய கிணற்றடியில் இன்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பது கோவை மோட்டாரே. அதன் மேல் ஒட்டியுள்ள தகட்டில் ஊர்ப் பெயரைப் பலமுறை படித்திருக்கிறோம். அதற்குப் பின்னால் இப்படியொரு வரலாறு உண்டென்று நினைத்ததில்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அவர் செய்த ரேசண்ட் என்னும் சவரக் கருவி. சவரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். அதற்குள்ளே இருந்தது ஒரு சின்னஞ்சிறு மோட்டார். சுவரிலுள்ள பிளக்கைத் தேடாமல், டார்ச் லைட்டில் போடுவது போன்ற உலர் மின்கலங்களாலேயே அது ஓடியது. எங்கள் காரில் இருந்த ஏற்பாடும் அதுவேதான். ஒரு சிறு மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுத்தால் கார். கத்திக்குக் கொடுத்தால் சவரக் கருவி. மோட்டார் ஒன்று, வேலை பல.

இவை தவிர மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, ஏமாற்ற முடியாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவர் செய்தவை ஏராளம். மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி ஒன்றும் செய்தார். மின்சாரம் எட்டாத கிராமங்கள் நிறைந்திருந்த காலத்தில் அதன் அருமை தெரிந்திருக்கும். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தம்மால் செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகிய பயிர்களிலும் ஆராய்ச்சி செய்தார். சர் சி. வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் அவருடைய தோட்டத்தை வந்து பார்த்திருக்கிறார்கள்.

1952இல் அவர் ஒரு கார் செய்தார். இருவர் அமரக்கூடிய, பெட்ரோலில் ஓடும் சிறிய கார். விலை 2,000 ரூபாய்தான். கார் என்றால் பெரிய செல்வந்தர் வீட்டு வாசலில் மட்டும் நிற்கும் காலம் அது. ஆனால் 1951இல் வந்த தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி இதுபோன்ற தொழில்களுக்கு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். கேட்டார், கிடைக்கவில்லை. கார் உற்பத்தி நின்றுபோயிற்று. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கத்தக்க சிறிய காராக மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள். நாட்டில் இரும்பும் அந்நியச் செலாவணியும் பற்றாக்குறையாக இருந்த காலத்தில் அரசாங்கம் எதற்கு முதலிடம் தருவது என்று யோசித்திருக்கலாம் என்று எங்கள் வரலாற்று ஆசிரியை விளக்கினார். இருந்தாலும் அந்தக் குட்டிக் காரை நினைத்தால் எங்களுக்கு ஆறவில்லை.

வரி விஷயத்திலும் அவருக்கு அரசாங்கத்தோடு நீண்ட பிணக்கு உண்டு. மனம் வெறுத்து, 1950களில், தாம் செய்த பொருள்களைச் சென்னையில் பொதுமக்கள் கண்ணெதிரே தாமே உடைத்துக் காட்டினார். இந்த ஒன்றை மட்டும் எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கழற்றியதையெல்லாம் பூட்டத் தெரிந்த கை, பூட்ட முடியாதபடி உடைக்கலாமா? அவருடைய வேதனை அப்படி என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள். அந்த வாதம் இன்னும் தீரவில்லை.

பள்ளியை வெறுத்து ஓடியவர் பிற்காலத்தில் கல்லூரிக்கே வித்திட்டார். அவர் அளித்த நன்கொடையால் 1945இல் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. அப்போது சென்னை மாகாண கவர்னராயிருந்த சர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. பீளமேட்டில் இன்றும் பஸ் கண்டக்டர்கள் ஹோப்ஸ் காலேஜ் என்று கூவி இறக்கிவிடுவது அந்தப் பெயரால்தான். அந்தப் பொறியியல் கல்லூரியே இன்று தடாகம் சாலையிலுள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் கற்பித்துவிடலாம் என்பது நாயுடு அவர்களின் கொள்கை. அரசு அதை ஏற்காததால் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். மாணவியரான எங்களைக் கேட்டால், எந்தக் கட்சியில் சேருவோம் என்று சொல்லவும் வேண்டுமா?

1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் காலமானார். அவர் சேர்த்த பொருள்களும் செய்த கருவிகளும் கோவை அவிநாசி சாலையிலுள்ள கண்காட்சியில் வைக்கப்பட்டுள்ளன. 2015இல் அவர் குடும்பத்தார் பழைய கார்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். அதே அவிநாசி சாலையின் மீது கட்டப்பட்ட நீண்ட மேம்பாலம் 2025 அக்டோபரில் அவர் பெயரோடு திறக்கப்பட்டது. அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குக் கோவை வேண்டுமென்று தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இனி எங்கள் காருக்கு வருவோம். நூல் நிலையத்திலிருந்து திரும்பியதும் அதை முற்றிலும் பிரித்தோம். இம்முறை ஒவ்வொரு துண்டையும் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாள் மேல் அடுக்கி, பக்கத்தில் எண் எழுதினோம். 8 பற்சக்கரத்தை மோட்டார்த் தண்டுக்கும் 24 பற்சக்கரத்தைப் பின் இருசுக்கும் மாற்றினோம். இப்போது மோட்டார் மூன்று சுற்றுச் சுற்றினால் கார்ச் சக்கரம் ஒரு சுற்று. வேகம் குறைந்தது; விசை பெருகியது. அப்படியும் பாதிப் பலகையில் சக்கரம் வழுக்கியது. முன்னாலிருந்த பேட்டரிப் பெட்டியைத் தூக்கிப் பின் இருசுக்கு நேர்மேலே வைத்தோம். பாரம் அழுத்தியதும் சக்கரம் பலகையைப் பற்றிக்கொண்டது. கண்காட்சியன்று, வந்திருந்த பெற்றோர் முன்னிலையில், எங்கள் கார் ஆமை நடை போட்டு உச்சிவரை ஏறியது. பரிசு வேறு வகுப்புக்குப் போய்விட்டது. அதுபற்றி மேலும் எழுத வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

இப்படிப் பூட்டிப் பிரிக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் வயது அதிகம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட உலோகப் பட்டைகளால் ஆன மெக்கானோவுக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். டென்மார்க்கில் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஒரு தச்சர் தொடங்கிய லெகோ நிறுவனம், இன்று நாம் காணும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கேட்டது. பல்சக்கரங்களோடு கூடிய பெட்டிகளை 1977இல் வெளியிட்டது. கலங்கல் சிறுவனுக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்கு வாய்த்த பெட்டி அந்த மோட்டார் சைக்கிள்தான்.

எங்கள் கார் இப்போது துண்டுகளாகிப் பழையபடி தூக்குப் பாத்திரத்துக்குள் போய்விட்டது. தோழியின் அனுமதியோடு ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் அதை ஒப்படைத்திருக்கிறோம். எண்ணிப் பார்த்ததில் 8 பற்சக்கரம் ஒன்று குறைகிறது. விஞ்ஞானக் கூடத்துக்கும் உணவுக் கூடத்துக்கும் இடையில் எங்காவது கிடந்து, யாராவது கண்டெடுத்தால், அன்புகூர்ந்து சிஸ்டரிடம் கொடுத்துவிடவும்.

— விஞ்ஞான மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு