நடு இரவில் எழுந்த நாதம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அச்சம் என்பது மனிதனோடு உடன்பிறந்த உணர்வு. தொல்காப்பியர் அதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார். ஆனால் வீரத்தையும் காதலையும் வாரி வழங்கிய நம் தமிழ்த் திரையுலகம், நெடுங்காலம் அச்சத்தைப் படத்தின் இடையே வந்து போகும் ஒரு காட்சியாக மட்டுமே வைத்திருந்தது. அந்த உணர்வையே அடித்தளமாகக் கொண்டு, பெரிய நிறுவனங்களின் நிழலில் ஒதுங்காமல், தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் ஒருவர் ஒரு படம் எடுத்தார். 1970-இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘நடு இரவில்’. எடுத்தவரோ, வீணையை மடியில் வைத்துப் பத்மபூஷண் விருது வரை உயர்ந்த எஸ். பாலசந்தர்!

பெயரைக் கண்டு மயங்க வேண்டா. ‘எதிர்நீச்சல்’ தந்த கே. பாலசந்தர் வேறு, இவர் வேறு. இவரை உலகம் ‘வீணை பாலசந்தர்’ என்றே அறியும்.

சென்ற ஆண்டு, விடுதியில் மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில், நண்பர்கள் அறுவர் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து இப்படத்தைப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படந்தானே என்று கேலி பேசிக்கொண்டு தொடங்கியவர்கள் அரை மணி நேரத்தில் வாயடைத்துப் போனோம். படம் முடிந்தபின் தண்ணீர் பிடிக்கச் சென்ற நண்பன் துணைக்கு இருவரை அழைத்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு படம் எங்களை எவ்வாறு இப்படி ஆட்டி வைத்தது என்னும் வினாவே அம்மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

பிறப்பும் இளமையும்

பாலசந்தர் 1927-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை வி. சுந்தரம் ஐயர் இசையில் தீராத காதல் கொண்டவர். மயிலாப்பூரில் இருந்த அவர்தம் இல்லம் இசைவாணர்கள் வந்து கூடும் இடமாகத் திகழ்ந்தது. பாபநாசம் சிவன் அக்குடும்பத்தின் நெருங்கிய நண்பர். பாலசந்தரின் அண்ணன் எஸ். ராஜம் பிற்காலத்தில் சிறந்த பாடகராகவும் ஓவியராகவும் புகழ் பெற்றார்.

1934-இல் ‘சீதா கல்யாணம்’ என்னும் படத்தைப் பிரபாத் நிறுவனம் மராட்டிய மண்ணில் தயாரித்தபோது, இக்குடும்பமே புறப்பட்டுச் சென்று நடித்தது. தந்தை சனகராகவும், அண்ணன் இராமனாகவும், அக்காள் செயலட்சுமி சீதையாகவும் தோன்றினர். அண்ணனும் தங்கையும் இராமனும் சீதையுமாக நடித்தது அக்காலத்தில் பலருடைய புருவத்தை உயர்த்தியது. சிறுவன் பாலசந்தருக்குக் கிடைத்த இடம் இராவணனின் அவை. அங்கே அவர் கஞ்சிரா வாசித்தார். இவ்வாறு இசையும் திரையும் ஆறேழு வயதிலேயே அவர் வாழ்வில் ஒருங்கே நுழைந்தன.

கஞ்சிராவோடு அவர் நிற்கவில்லை. தபலா, ஆர்மோனியம், சித்தார் என்று கைக்குக் கிடைத்த கருவிகளையெல்லாம் பழகினார். 1940-களின் தொடக்கத்தில், மீசை அரும்பும் பருவத்திலேயே, சென்னை வானொலி நிலையத்தில் சித்தார் வாசிக்கும் கலைஞராகப் பணியில் அமர்ந்தார். அதன்பின் அவர் உள்ளம் வீணையின்பால் திரும்பியது. குரு ஒருவரிடம் முறையாக அமர்ந்து அவர் வீணை கற்கவில்லை. தாமே வாசித்து, தாமே கேட்டு, தாமே திருத்திக்கொண்டு சில ஆண்டுகளிலேயே கச்சேரி மேடை ஏறினார்.

ஒரே மெட்டில் பல சுரங்கள்

அவருடைய வாசிப்பின் தனித்தன்மையை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே சற்று விளக்க விரும்புகிறேன். வீணையில் 24 மெட்டுகள் உள்ளன. வாசிப்பதற்கு நான்கு தந்திகள், தாளத்திற்கு மூன்று. விரலை ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு நகர்த்தினால் அடுத்த சுரம் கிடைக்கும். விரலை நகர்த்தாமல், அதே மெட்டில் வைத்தபடி தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தாலும் சுரம் உயரும். நம் ஆய்வகத்தில் சோனாமீட்டரைக் கொண்டு நாம் செய்து பார்ப்பதும் இதுவே: தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது, அதிர்வெண்ணை இரு மடங்காக்க வேண்டுமாயின் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும்.

எல்லா வைணிகர்களும் கமகத்திற்காகத் தந்தியை இழுப்பவர்களே. பாலசந்தர் அதனைத் தம் பாணியின் உயிராக்கினார். ஒரே மெட்டில் விரலை நிறுத்தி, ஒரு மீட்டலிலேயே பல சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக, மனிதக் குரல் இழைவதுபோல் எழுப்பினார். சற்று மிகுதியாக இழுத்தால் தந்தி அறுந்துவிடும். சற்றுக் குறைவாக இழுத்தால் சுருதி சேராது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள மெல்லிய எல்லையை அவருடைய விரல் அறிந்திருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், திரைப்படத்திலும் அவர் செய்தது இதுவே என்பது என் எண்ணம்.

பாட்டில்லாப் படம்

1948-இல் ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடம் தாங்கி நடித்து, இசையும் அமைத்தார். அதே ஆண்டில் ‘என் கணவன்’ படத்தை இயக்கினார். 1951-இல் ‘கைதி’ வந்தது. பின்னர் சப்பானிய இயக்குநர் அகிரா குரசோவாவின் ‘ரஷோமோன்’ படத்தைத் திரைப்பட விழாவில் கண்டு வியந்தார். ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அந்த முறை அவரைப் பற்றிக்கொண்டது. அம்முறையில் ஒரு கதை அமைத்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சொன்னார். அதுவே சாவர் சீதாராமனின் எழுத்தில், 1954 ஏப்ரல் 13-இல் ‘அந்த நாள்’ ஆக வெளிவந்தது.

1943 அக்டோபரில் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய இரவுக்கு மறுநாள் காலை, வானொலிப் பொறியாளர் ஒருவர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சிவாசி கணேசன் ஏற்ற வேடம் அது. கொன்றவர் யார்? மனைவியா, தம்பியா, அண்டை வீட்டாரா? ஒவ்வொருவர் வாய்மொழியிலும் ஒவ்வோர் உண்மை. படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டுக்காகவே படம் பார்க்க வந்த காலம் அது. கொட்டகைக்கு வந்த பலர் ஏமாற்றம் அடைந்தனர். ஆயினும் தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் அதனைத் தேடி வந்தது.

சிறந்த இசைவாணர் ஒருவர், பாட்டே இல்லாத படத்தை எடுத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இசை எங்கே வேண்டும் என்பதை அறிந்தவனுக்கே, எங்கே வேண்டா என்பதும் தெரியும்.

அதன்பின் அவர் சொந்தமாக எஸ்.பி. கிரியேஷன்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1962-இல் ‘அவனா இவன்’ வந்தது. 1964-இல், வெடிகுண்டு மறைத்து வைத்த ஒரு பொம்மை கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றும் ‘பொம்மை’ வந்தது. பொம்மை எப்போது வெடிக்குமோ என்னும் ஒரே கேள்வியில் முழுப் படமும் நின்றது. அடுத்து அவர் எடுத்துக்கொண்டதுதான் ‘நடு இரவில்’.

அந்த மாளிகை

ஊரிலிருந்து ஒதுங்கிய தீவு மாளிகையில் தயானந்தம் என்னும் செல்வர் மனநலம் குன்றிய மனைவியோடு வாழ்கிறார். மேசர் சுந்தரராசனும் பண்டரிபாயும் அவ்வேடங்களை ஏற்றனர். செல்வர் நெடுநாள் இருக்கமாட்டார் என்று குடும்ப மருத்துவர் கருதுகிறார். அம்மருத்துவர் வேடத்தில் பாலசந்தரே நடித்தார். உறவினர்கள் வரவழைக்கப்படுகின்றனர். எல்லோருடைய கண்ணும் சொத்தின்மேல். பின்னர், ஒருவர்பின் ஒருவராகக் கொலையுண்டு விழுகின்றனர். சௌகார் சானகி, வி.எஸ். ராகவன், சோ முதலிய பலர் அவ்வீட்டில் இருக்கின்றனர். கொலையாளியும் அவர்களுக்கு நடுவேதான் இருக்க வேண்டும். அது யார் என்பதை நான் இங்கே எழுதமாட்டேன். இன்னும் பார்க்காத நண்பர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகிவிடும்.

கதையின் கரு அகதா கிறிஸ்டி எழுதிய புகழ் பெற்ற நாவலின் வழிவந்தது என்பது வெளிப்படை. ஆனால் அச்சம் பாலசந்தருடையது. பேய் என்று ஒன்று வந்து நிற்கவில்லை. ஒரு வீடு, ஓர் இரவு, சில முகங்கள், நீண்ட தாழ்வாரம், எங்கிருந்தோ வரும் காலடி ஓசை. இயக்கம், தயாரிப்பு, இசை மூன்றும் அவரே. ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்துக்கொண்டே போகிறார். அறுந்துவிடுமோ என்று நாம் நடுங்கும்போதும் விடுவதில்லை.

படம் முடிந்தபின்னும் திரைக்கு வர அதற்குக் காலம் பிடித்தது. பெரிய கதாநாயகன் இல்லாத அப்படத்தை வணிக உலகம் ஆவலோடு வாங்க வரவில்லை. ஒருவழியாக 1970-இல் வெளிவந்தது. அன்றுமுதல் கொட்டகையிலும், பின்னர்த் தொலைக்காட்சியிலும், இன்று கைப்பேசியிலும் தலைமுறை தலைமுறையாக மக்களை அச்சுறுத்தி வருகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சார்சு ரொமேரோ என்னும் இளைஞர், பெரிய நிறுவனங்களின் துணையின்றி, சுமார் 1,14,000 டாலர் செலவில் ஒரு படம் எடுத்தார். 1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்னும் அப்படமும் கறுப்பு வெள்ளைதான். அதிலும் ஒரு வீடு, ஓர் இரவு, அடைபட்ட சிலர். பெயரை மாற்றியபோது உரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதால் எடுத்தவர்களுக்கு உரிய பொருள் வந்து சேரவில்லை. ஆனால் 1999-இல் அமெரிக்கா அதனைப் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் வரிசையில் சேர்த்தது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர் உலகின் இரு மூலைகளில் ஒரே உண்மையைக் கண்டனர்: அச்சத்தை உண்டாக்கப் பெரும்பணம் வேண்டா, இருட்டும் மௌனமும் போதும்.

இன்று பாட்டில்லாத தமிழ்ப் படம் வந்தால் நாம் வியப்பதில்லை. 1988-இன் ‘வீடு’, 1995-இன் ‘குருதிப்புனல்’, 2019-இன் ‘கைதி’ ஆகியவற்றை ஏற்றுக்கொண்டோம். முதன்முதலில் அந்தக் கதவைத் தட்டியவர் கையில் வீணை இருந்தது என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

மீண்டும் வீணை

‘நடு இரவில்’ படத்திற்குப் பின் பாலசந்தர் திரையுலகிலிருந்து விலகி வீணைக்கே தம்மை ஒப்படைத்தார். நாட்டிலும் வெளிநாடுகளிலும் வாசித்தார். 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்து 12 இசைத்தட்டுகளாகத் தந்தார். 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

புகழ் வந்தது, அமைதி வரவில்லை. தமக்குச் சரி என்று பட்டதை எவர் முன்னிலையிலும் சொல்லும் இயல்பு அவருடையது. 1980-களில் சுவாதித் திருநாளின் பெயரில் வழங்கும் கீர்த்தனைகளைப் பற்றி அவர் எழுப்பிய ஐயங்கள் இசையுலகில் பெரும் புயலைக் கிளப்பின. பெரியவர்கள் பலர் அவரை மறுத்தனர். அவரும் விடவில்லை. அந்த வாதங்களில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. குரு இல்லாமல் கற்றவர்க்கு அடக்கிச் சொல்ல ஒருவர் இல்லாமற் போனது வலிமையா, குறையா என்றுமட்டும் எண்ணத் தோன்றுகிறது. இரண்டுமே எனலாம்.

1990 ஏப்ரல் 13-ஆம் நாள், பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது அவர் காலமானார். வயது 63. ‘அந்த நாள்’ வெளிவந்து சரியாக முப்பத்தாறு ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

நாம் கற்க வேண்டியது

பாலசந்தர் தாமே கற்றார் என்பதைப் படித்தபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டாயிற்று. எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பாடத்தில் ஐயம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. அவரைப்போல் நானும் தனியாகக் கற்றுவிடலாம் என்று துள்ளினேன்.

பிறகுதான் ஒன்று புரிந்தது. அவருக்குக் குரு இல்லை. ஆனால் இசை நிறைந்த ஒரு வீடு இருந்தது. கேட்டுக் கேட்டே பழுத்த காது இருந்தது. மகன் சித்தாரை வைத்துவிட்டு வீணையை எடுத்தாலும், வீணையை வைத்துவிட்டுப் படம் எடுத்தாலும் பசி வந்து கதவைத் தட்டாத குடும்பம் இருந்தது. இதை மறைத்துவிட்டு, முயன்றால் எவரும் பாலசந்தர் ஆகலாம் என்று எழுதினால் அது உண்மையாகாது.

அப்படியானால் அந்த வீடு இல்லாதவர்கள் என்ன செய்வது? எனக்குத் தோன்றும் விடை இதுதான். நம் போன்றோர்க்கு இக்கல்லூரியே அந்த மயிலாப்பூர் வீடு. இங்கே நூலகம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, ஐயம் கேட்டால் முகம் சுளிக்காத ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இரவில் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து ஒரு பழைய படத்தைப் பற்றி விடியும்வரை வாதாடும் நண்பர்கள் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் இவ்வீட்டில் இருக்கப் போகிறோம். காதைத் திறந்து வைத்துக்கொள்வோம்.

பட்டம் பெற்று வேலைக்குப் போக வேண்டியது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு துறையில் தேர்ந்தவன் மற்றொன்றைத் தொடக்கூடாது என்று யாரேனும் சொன்னால், நடு இரவில் ஒருமுறை அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு காட்டுங்கள்!