சாணைக்கல்லிலிருந்து சூரியன் வரை: ஜோசப் ஃபிரான்ஹோபர்

ப்ளஸ் டூவில் பௌதிகம் எடுத்தவர்களுக்கு ஃபிரான்ஹோபர் கோடுகள் என்ற பெயர் ஞாபகம் இருக்கலாம். சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால் கிடைக்கும் வானவில் பட்டையின் குறுக்கே தென்படும் கறுப்புக் கோடுகள் அவை. பரீட்சைக்காகப் படித்துவிட்டு, அந்தப் பெயருக்கு உரியவரை மறந்துவிடுகிறோம். அவர் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை.

1787-ம் வருஷம் மார்ச் 6-ம் தேதி, ஜெர்மனியின் பவேரியா பகுதியில் ஸ்ட்ரௌபிங் என்ற ஊரில் பிறந்தவர் ஜோசப் ஃபிரான்ஹோபர். தகப்பனார் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. பத்து வயதில் தாயாரையும், பதினோரு வயதில் தகப்பனாரையும் இழந்த பையனை, ம்யூனிக் நகரில் முகம் பார்க்கும் கண்ணாடி செய்யும் ஒருவரிடம் ஆறு வருஷம் தொழில் பழக விட்டார்கள். எஜமானர் அவனை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. புஸ்தகம் படிப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

1801-ம் வருஷம் ஜூலை 21-ம் தேதி அந்த வீடு இடிந்து விழுந்தது. எஜமானரின் மனைவி இறந்துபோனார். பையனை மட்டும் சில மணி நேரம் கழித்து இடிபாடுகளுக்குள்ளிருந்து உயிருடன் எடுத்தார்கள். பவேரியாவை ஆண்ட மாக்ஸிமிலியன் அந்த இடத்துக்கே வந்திருந்தார். மனம் இளகி 18 தங்க நாணயங்கள் கொடுத்தார். உட்ஸ்ஷ்னைடர் என்ற தொழிலதிபர் கணிதப் புஸ்தகங்களையும் ஒளியியல் புஸ்தகங்களையும் கொடுத்து உதவினார். பதினாலு வயதுப் பையன் அந்தப் பணத்தை என்ன செய்தான் என்பதுதான் விசேஷம். கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கினான். மீதியைக் கொடுத்துத் தொழில் பழகும் காலத்தின் கடைசி மாதங்களிலிருந்து விடுதலை பெற்றான்.

1806-ல் உட்ஸ்ஷ்னைடரின் கருவித் தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறகு பெனடிக்ட்பாய்ர்ன் என்ற ஊரில், பழைய மடாலயம் ஒன்றில் அமைந்த கண்ணாடி உலைக்குப் போனார். அங்கேதான் அவரைப் பெரிய பிரச்னை ஒன்று பிடித்துக்கொண்டது.

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும்போது வேகம் குறைந்து திசை மாறுகிறது. தம்ளர் தண்ணீரில் சாய்த்து வைத்த ஸ்பூன் ஒடிந்தாற்போல் தெரிவதும் ஒளியின் இந்த விலகலால்தான். முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு நிற பேதம் கிடையாது. எல்லா நிறமும் ஒரே கோணத்தில் திரும்பும். விலகலில் அப்படி இல்லை. ஊதா அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். ஆகவே ஒற்றை லென்ஸில் எல்லா நிறங்களும் ஒரே புள்ளியில் சேராது. டெலஸ்கோப்பில் பார்த்தால் நட்சத்திரத்தைச் சுற்றி வர்ண விளிம்பு கட்டும்.

க்ரௌன் கண்ணாடியில் செய்த குவி லென்ஸையும், ஈயம் கலந்த ஃப்ளின்ட் கண்ணாடியில் செய்த குழி லென்ஸையும் சேர்த்தால் இந்தத் தோஷம் பெருமளவு நீங்கும் என்பது இங்கிலாந்தில் முன்பே தெரிந்திருந்தது. ஆனால் எந்தக் கண்ணாடி எந்த நிறத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதற்குத் துல்லியமான கணக்கு இல்லை. தேய்த்துப் பார்ப்பதும், சரியாக வராவிட்டால் மறுபடி தேய்ப்பதுமாகக் காரியம் நடந்தது. அளவெடுக்க எங்கே தொடங்குவது? வானவில்லில் சிவப்பு இங்கே முடிகிறது, ஆரஞ்சு இங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாதே!

விளக்குச் சுடரின் ஒளியில் பளிச்சென்ற மஞ்சள் கோடு ஒன்று எப்போதும் ஒரே இடத்தில் வருவதை ஃபிரான்ஹோபர் கவனித்தார். சூரிய ஒளியிலும் அது உண்டா என்று 1814-ல் தேடினார். அந்த இடத்தில் கறுப்புக் கோடுதான் இருந்தது. அது ஒன்று மட்டுமல்ல, பட்டை முழுவதும் கோடுகள்! 574 வரை குறித்து வைத்தார். வோலஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1802-லேயே சில கோடுகளைப் பார்த்திருந்தார். நிறங்களின் எல்லை என்று எண்ணி விட்டுவிட்டார். ஃபிரான்ஹோபருக்கோ அவை அளவுகோலின் கோடுகளாயின. முக்கியமானவற்றுக்கு எழுத்துப் பெயர் வைத்து, ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு கோட்டையும் எவ்வளவு வளைக்கிறது என்று அளந்தார். கோடுகள் ஏன் வருகின்றன என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

படிப்புப் பட்டம் இல்லாதவரை விஞ்ஞான அகாதமியில் சேர்க்கலாமா என்று பவேரியப் பண்டிதர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். அவருடைய டெலஸ்கோப்புகள் அதற்குப் பதில் சொல்லின. 1824-ல் டார்பாட் நகர வானியல் கூடத்துக்குப் போன அவரது டெலஸ்கோப்பின் லென்ஸ் 24 சென்டிமீட்டர் அகலம். அதைக் கொண்டு ஸ்ட்ரூவ என்ற வானியலார் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டை நட்சத்திரங்களைப் பட்டியலிட்டார். அந்த ஊர் இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்ற பெயரில் இருக்கிறது.

காசநோய் கண்டு, 1826 ஜூன் 7-ம் தேதி தமது 39-வது வயதில் ஃபிரான்ஹோபர் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கோடுகளின் ரகசியம் 1859-ல் வெளிப்பட்டது. சூரியனின் வெளிப்பகுதியில் உள்ள வாயுக்கள், தத்தமக்குரிய நிறத்தை உறிஞ்சிக்கொள்வதால் விழும் இடைவெளிகள் அவை என்று கிர்க்காஃப் காட்டினார். மஞ்சள் பகுதிக் கோடு சோடியத்தினுடையது. நம் வீட்டு உப்பில் இருக்கும் அதே சோடியம். பிறகு 1868 ஆகஸ்ட் 18-ம் தேதி பூரண சூரிய கிரகணம். பிரான்ஸிலிருந்து வந்த ஜான்சென், ஆந்திராவின் குண்டூரில் இருந்து சூரியனின் விளிம்பில் எழும் ஜ்வாலைகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் லாக்யர் அந்த ஜ்வாலைகளை ஆராய்ந்தபோது, சோடியத்தின் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றது ஒரு மஞ்சள் கோடு. பூமியில் அறிந்த எந்தப் பொருளோடும் அது பொருந்தவில்லை. ஹீலியம் என்று பெயரிட்டார்கள். ராம்ஸே அதைப் பூமியில் பிடித்துக் காட்ட 1895 வரை ஆயிற்று.